ஓடாமல் செத்த பேட்டரிகள்

என் சக்கர நாற்காலிக்கு இரண்டு பேட்டரிகள். உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் அடுத்தடுத்து இருக்கும். திறப்பதற்கு மூடி கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் சிந்தாது. இதை என் அண்ணனால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றே பெட்டியைத் திறந்து, பேட்டரியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"மூடியே இல்ல. இதுக்கு எங்கிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது? இதெல்லாம் ஒரு பேட்டரியா?"

குழந்தையாக இருக்கும்போதே எனக்குப் போலியோ வந்துவிட்டது. அதன்பிறகு அண்ணன்தான் என் கால்கள். பள்ளிக்கூடம், கோவில், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் அவர் தோளில்தான். இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கு எரிச்சல் வரும். தூக்குகிறவருக்குப் புண்ணியம் சேரும். தூக்கப்படுகிறவளோ எங்கே போவது, எப்போது திரும்புவது என்று எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கடை வாசலில் இன்னும் கொஞ்சம் நிற்க ஆசையாக இருக்கும். அவருக்குத் தோள் வலிக்குமே என்று வாயை மூடிக்கொள்வேன்.

ஐம்பதை நெருங்கும்போதுதான் இந்த நாற்காலி வந்தது. எங்கள் வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கிளம்பியதும் நானும் கிளம்பிவிடுவேன். லீவரை முன்னால் தள்ளினால் போதும், வண்டி போகும். குளத்தைச் சுற்றி வருவேன். பஜ்ஜிக் கடைக்காரரிடம் சட்னி புளித்துவிட்டது என்று சண்டை போடுவேன். யாரையும் கேட்காமல் நிற்பேன், யாரையும் கேட்காமல் கிளம்புவேன். ராஜாத்தி மாதிரி இருந்தேன், வேறென்ன சொல்ல.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லவும் மாட்டார். "பாப்பா, தெனம் ஓட்டுனா பேட்டரி என்னத்துக்கு ஆகும்? அப்பப்ப ரெஸ்ட்டு குடு" என்பார். தலை பாதி நரைத்த பாப்பா நான்.

அந்த வருடம் ஆயுதபூசை வந்தது. பஸ் ஓட்டியவருக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். நாற்காலியைக் கழுவித் துடைப்பதற்காக முதல்நாள் ராத்திரியே சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். அன்று சாயங்காலம்தான் நான் ஆசைதீரச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். அதனால் பேட்டரி பாதிக்குமேல் இறங்கிப்போய், அப்படியே பூசைக்கு உட்கார்ந்தது. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம், கைப்பிடிக்குக் கதம்ப மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது, மறுநாள் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மறுநாள் எனக்குக் காய்ச்சல். சிக்குன்குனியா என்றார்கள். விரலைக்கூட மடக்க முடியாமல் மூட்டுக்கு மூட்டு வலித்தது. எழுந்து உட்காரத் தை பிறந்துவிட்டது.

அதுவரை நாற்காலி மூலையில் நின்றது. அண்ணன் பழைய வேட்டி ஒன்றை அதன்மேல் போர்த்தி, பேட்டரி வயரையும் கழற்றி வைத்தார். ஓடாமல் நிற்கும் பஸ்ஸுக்கு டிப்போவில் அப்படித்தான் செய்வார்களாம். ஒருநாள் சார்ஜ் போடச் சொன்னேன்.

"ஓடாத மாட்டுக்கு எதுக்குத் தீனி? அது பாட்டுக்கு ரெஸ்ட்டு எடுக்கட்டும். நீயும் எடு" என்றார். படுக்கையில் கிடந்தவளுக்கு வாதாடத் தெம்பில்லை.

உடம்பு தேறியதும் முதல் வேலையாக வயரை மாட்டிச் சார்ஜ் போடச் சொன்னேன். வழக்கமாக விடிய விடிய ஏறும். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. "பாத்தியா, ரெஸ்ட்டு எடுத்ததுல எம்புட்டுச் சீக்கிரம் ஏறுது!" என்று அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பாதிக் குளம்கூடச் சுற்றவில்லை. வடக்குக் கரையில் நாற்காலி நின்றுவிட்டது. லீவரைத் தள்ளினால் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்தது. போவோர் வருவோரெல்லாம் குனிந்து பார்த்து, "என்னக்கா, தள்ளிவிடவா?" என்று கேட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். எனக்கு அவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

மூச்சு வாங்க நடந்து வந்தார். வந்தவர் கைப்பிடியைத் தொடாமல் குளத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரெஸ்ட்டு ரெஸ்ட்டுன்னு சொல்லியே கொன்னுட்டீங்க" என்றேன்.

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நின்னுபோச்சுன்னு நீ போன்ல சொன்னயில்ல, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதிதான் பாப்பா" என்றார். "இனிமே என்னையத்தான கூப்புடுவன்னு நெனச்சேன். ரிட்டயர்டு ஆனப்பகூட எனக்கு ஒண்ணும் தெரியல. இந்த வண்டி வந்தப்பறந்தான் வேலையத்துப் போனேன்."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. மறுபடியும் அந்தத் தோள், மறுபடியும் முகம் பார்த்துப் பேசுகிற பிழைப்பு.

"உங்களுக்கு வேலை வேணும்ங்கிறதுக்காக நான் முடமாவே கெடக்கணுமாண்ணே?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் சுவரைவிட்டு விலகி வந்து நாற்காலியைத் தள்ளினார். மோட்டார் வைத்த நாற்காலி என்பதால் கனம். ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று மூச்சு வாங்கினார்.

மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "இது ஓடித் தேயலண்ணே, பட்டினி கெடந்து செத்திருக்கு. சார்ஜ் எறங்குன பேட்டரிய அப்படியே போட்டு வச்சா உள்ள தகட்டுல உப்பு மாதிரிப் படிஞ்சு இறுகிப்போகும். பச்சை லைட்டு எரியும், ஆனா உள்ள சரக்கு இருக்காது. ஓட்டுன அன்னைக்கே சார்ஜ் போட்டுரணும். ஓட்டாம வச்சிருந்தாலும் அப்பப்ப போடணும்."

"நல்லாப் பாத்துக்கிட்டா எம்புட்டு நாளைக்கு வரும்?" என்று அண்ணன் கேட்டார்.

"நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு மூணு வருசம்."

"ஓட்டாமப் பொத்திப் பொத்தி வச்சிருந்தா?"

"அப்பயும் கூடுதலா வராதுண்ணே. ஓட்டுனாலும் போகும், ஓட்டாட்டியும் போகும்."

அண்ணன் குனிந்து அந்தச் செத்த பேட்டரிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, புதுசு வாங்கக் கடைக்காரரோடு அவரே கிளம்பினார்.

புது பேட்டரிகளைப் பூட்டி, முழுக்கச் சார்ஜ் ஏற்றிய மறுநாள் சாயங்காலம் நான் கிளம்பினேன். அண்ணன் முன்னால் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். எங்கே, எப்போது வருவாய், துணைக்கு யார் என்று வழக்கமாகக் கேட்கும் எதையும் கேட்கவில்லை.

"வாரேண்ணே" என்றேன்.

"மெதுவாவே வா பாப்பா. நான் ஒண்ணும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார்.

அது பச்சைப் பொய். எனக்காகச் சொன்ன பொய். கேட்டைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே தோளைக் கொடுத்துவிடுவார் மனிதர். திரும்பிப் பார்க்காமல் லீவரை முன்னால் தள்ளினேன்.