பள்ளிக்கூடத்தம்மன்

சென்ற வாரம் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாமி இறங்கியது. கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை இறங்குவார். இந்தத் தடவை சாமி முந்திக்கொண்டது.

இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிற ஈப்போ வாசகர்கள் புருவத்தை உயர்த்துவீர்கள் என்று தெரியும். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஆசாமி எழுதுகிற விஷயமா இது? என்ன செய்வது... நடந்ததைத்தானே எழுத முடியும்.

முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஒரே அறை, நான்கு வகுப்பு, ஒரே வாத்தியார். திங்கள் கணக்கு. செவ்வாய் வாசிப்பு. புதன் டிக்டேஷன். வியாழன் பூகோளம். மேப் கிடையாது. இந்தியா எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கட்டடத்தைக் கைகாட்டுவார்கள். திசை என்னவோ சரிதான்.

வெள்ளிக்கிழமை கைவேலை. பிள்ளைகள் கையாலும் கற்க வேண்டுமாம், இன்ஸ்பெக்டர் உத்தரவு. பத்து வயதானால் இந்தக் கைகள் புல் வெட்டப் போய்விடும். அதற்குள் கொஞ்சம் விளையாடட்டுமே என்று நானும் விட்டுவிடுவேன். ஈயச் சுரங்கப் பக்கமிருந்து வரும் ஓடையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை.

“உங்கள் வீட்டில் இருப்பது எதையாவது செய்யுங்கள்” என்றேன். நிறைய சட்டிகள் வந்தன. சில சேவல்கள். படுத்திருக்கும் ஒரு அப்பா.

அஞ்சலை மட்டும் பெரிதாக ஆரம்பித்தாள். என் பள்ளிக்கூடத்தில் நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லும் ஒரே பிள்ளை. அவள் செய்தது அவளுடைய அம்மா செல்லம்மாவை. முழங்கால் உயரத்துக்கு ஒரு பெண். வலது கையில் ரப்பர் பால் வெட்டும் கத்தி, இடது கையில் பால் வாளி, தலையில் சும்மாடு. கண்ணுக்குக் குன்றிமணி.

“ஏன் இவ்வளவு பெரிய முழி?” என்றேன்.

“காலையில என்னைய எழுப்புறப்ப இப்படித்தான்யா பார்க்கும்.”

நன்றாகவே இருந்தது. காயட்டும் என்று வாசலைப் பார்க்க மூலையில் வைத்தோம்.

அன்று மாலை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். ரப்பருக்கு நல்ல விலையாம், ஷீட் அடுக்க இடமில்லையாம். திங்கட்கிழமை கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். தோட்ட மானேஜர் துரை சொல்லிவிட்டார்.

“பள்ளிக்கூடம்?” என்றேன்.

“பள்ளிக்கூடம் நடத்தணும்னுதான் சட்டம். கூரை வேணும்னு சட்டத்துல இல்லையே வாத்தியாரே. மரத்தடியில நடத்துங்க. பெரிய பிள்ளைங்க புல்லு வெட்ட வரட்டும்.”

எங்கள் பக்கம் மதியமானால் மழை. மரத்தடிப் பள்ளிக்கூடம் ஒரு வாரம் தாங்காது. அஞ்சலைக்குப் பத்து வயது முடிந்துவிட்டது; பள்ளிக்கூடம் இருப்பதால்தான் அவள் இன்னும் புல் வெட்டப் போகவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை மறைப்பானேன்?

திங்கட்கிழமை காலை சாமான்களைக் கட்டலாம் என்று போனால் வாசலில் கூட்டம். உள்ளே அஞ்சலையின் பொம்மைக்குச் செம்பருத்தி மாலை, மஞ்சள், குங்குமம். கத்தி முனையில் எலுமிச்சம்பழம்.

கங்காணியின் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கையில் ஆயுதம், தலையில் கிரீடம், சிவந்த கண். வேறு யாராக இருக்க முடியும்? தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது — பள்ளிக்கூடத்தில் ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

சாமான் தூக்க வந்த ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். “நாங்க கைவைக்க மாட்டோம்லா கிராணியாரே” என்றார் ஒருவர். கிராணி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். துரையிடம் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது என்ன பொம்மை என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அஞ்சலைக்குத்தான் கோபம். “ஐயா, அது எங்கம்மா. எதுக்கு எலுமிச்சம்பழம் குத்துறாங்க? எனக்கு மார்க் போடுங்க.”

சாமிக்கு எத்தனை மார்க் போடுவது? “பொறு” என்றேன்.

மதியம் செல்லம்மா வந்தாள். வெட்டிய ரப்பர் பாலை அளந்து கொட்டிவிட்டு நேராக வந்திருந்தாள். கையில் வாளி, தலையில் சும்மாடு, இடுப்பில் கத்தி. பொம்மையையும் அவளையும் ஒருசேரப் பார்த்தால் குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடுமே. ஆனால் அங்கே இருந்த பெண்கள் யாரும் செல்லம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லம்மா பொம்மையை வெகுநேரம் பார்த்தாள். அஞ்சலை ஓடிப்போய், “அம்மா, அது நீதாம்மா” என்று ஆரம்பித்தாள். செல்லம்மா மகளின் வாயைப் பொத்தினாள். என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“இது இருந்தா கொட்டாயை எடுத்துக்க மாட்டாங்களா வாத்தியாரே?”

“மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.”

“இவ படிப்பாளா?”

“படிப்பாள்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். சும்மாட்டை எடுத்து வாளிக்குள் போட்டாள். முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினாள். தன்னைத் தானே விழுந்து கும்பிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். பூகோளப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். “மூக்கைக் கொஞ்சம் பெரிசா வச்சிட்டா.”

செவ்வாய்க்கிழமை துரை வந்தார். நம் துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. (கிராணி இங்கிலீஷ் பேப்பர் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார். பொம்மையை நன்றாகப் பார்த்தார்.

“இந்த சாமி பேர் என்ன?”

“பள்ளிக்கூடத்தம்மன் தொரே” என்றார் கங்காணி. பேர் வைத்தே ஆயிற்று.

துரை யோசித்தார். கோயிலில் கைவைத்த தோட்டத்தில் மறுநாள் யாரும் பால் வெட்ட வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். “ஸ்டோர் வேற இடத்தில் கட்டலாம்” என்றார். பள்ளிக்கூடம் பிழைத்தது. அஞ்சலைக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

லயத்துப் பெண்கள் அன்றைக்கே கூடிப் பேசி ஒரு முடிவு செய்தார்கள். அஞ்சலையின் கையால் அல்லவா ஆத்தா வந்தாள்? அதனால் தினமும் விடிவதற்கு முன் அம்மனுக்கு விளக்கேற்றுவது அவளுடைய அம்மா பொறுப்பு. செல்லம்மா மறுக்கவில்லை. எப்படி மறுப்பாள்?

புதன்கிழமை விளக்கேற்றிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடினாள். பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேட். இன்னைக்கி வேலை இல்லை. போ.”

செல்லம்மா வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்றைய கூலி போயிற்று.

துரை அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும்.