புயலக்காவின் பத்தொன்பது அடி

கட்டிடத்தில் எல்லோரும் அவரைப் புயலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு காதல் நாவல் எழுதியவர். ஒவ்வொன்றிலும் ஊருக்கு ஏதாவது ஒரு கேடு வரும்: புயல், வெள்ளம், நிலநடுக்கம். இரண்டு நாவலில் சுரங்கம் இடிந்து விழும். நாயகி எங்காவது மாட்டிக்கொள்வாள். நாயகன் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவளைத் தூக்கிப் போவான்.

அவருக்கு நேர்ந்த ஒரே விபத்து, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததுதான். கதவை உடைக்க யாரும் வரவில்லை. ஐந்து மணி நேரம் கழித்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் மணியடித்துப் பார்த்துவிட்டு, காவலாளியிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கினார்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே என்னை வீட்டு நர்ஸாக வேலைக்கு வைத்தார்கள். எனக்கு அறுபத்தாறு வயது, முப்பது வருஷமாக இதே வேலை. அவருக்கு எழுபத்து மூன்று. மகன் வெளியூரில். போனில் என்னிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்: "ஆறு வாரம் கழிச்சு வந்து பெல் அடிப்பேன். அம்மா தானா நடந்து வந்து கதவைத் திறந்தா அந்த வீட்டிலேயே இருக்கட்டும். இல்லைன்னா முதியோர் இல்லம்தான்."

கட்டிலிலிருந்து வாசல் கதவு வரை, வாக்கரோடு, பத்தொன்பது அடி எடுத்து வைக்க வேண்டும். புயலக்காவுக்கு அதில் அக்கறையே இல்லை. மடியில் பலகை, பலகையில் காகிதம். நாற்பத்திரண்டாவது நாவலில் வெள்ளம். நாயகி காலில் அடிபட்டு மூன்று நாளாக மாடி அறையில் மாட்டியிருந்தாள்.

"எழுந்திருங்க அக்கா."

"இருங்க சிஸ்டர், படகு வந்துட்டிருக்கு."

"வரட்டும். நீங்க காலைக் கீழே போடுங்க."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். வேறு ஆள் கிடையாது. முதல் வாரம் முழுக்க அந்த வீட்டில் போன் இரண்டு தடவைதான் அடித்தது. அதில் ஒன்று ராங் நம்பர்.

படகுக்காரன் நாயகியைக் கையைப் பிடித்து இழுத்து, மார்போடு அணைத்து, முத்தமும் கொடுத்தான்.

"மூணு நாள் பல் தேய்க்காதவ அக்கா. கிட்ட போக முடியுமா?"

"காதல்ல அதெல்லாம் தெரியாது சிஸ்டர்."

"எத்தனை பேர் வாயைத் துடைச்சிருக்கேன், எனக்குத் தெரியும். அப்புறம், அப்படி இழுத்தா தோள்பட்டை கழண்டுடும்."

"வேற எப்படித் தூக்குறதாம்?"

"தூக்கவே கூடாது. அவளே எழுந்திருக்கணும். அடிபட்ட கால் பக்கமா, அரை அடி பின்னால நிக்கணும். கை தயாரா இருக்கணும், தொடக்கூடாது."

"இதுல காதல் எங்கே இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே எழுத்தாளர்."

இன்னொரு நாள் கேட்டேன். "ஏன் அக்கா, நல்ல நாள்ல யாரும் காதலிக்க மாட்டாங்களா?"

"நல்ல நாள்ல யாரு யார் கதவைத் தட்டுறாங்க? எதிர் வீட்டுக்காரர் இருபது வருஷமா இருக்கார். வெள்ளம் கிள்ளம் வந்தாத்தான் எனக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் படுக்கை விரிப்பை மாற்றினேன்.

நான்காவது வாரமும் ஏழு அடியைத் தாண்டவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "இல்லத்துல ஒரு அறைக்கு நாலு பேர். மேஜை கிடையாது. நான் அங்கே வேலை பார்த்திருக்கேன்." பேனாவை மூடி வைத்தார். அன்றைக்குப் பத்து அடி. வலியில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது, நாற்பத்தொரு நாவலிலும் இல்லாதது. ஆறாவது வாரக் கடைசியில் பதினைந்து அடி. அதற்கு மேல் கால் நடுங்கும், உட்கார்ந்துவிடுவார்.

மகன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கே தலைவாரித் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பதினொன்று ஆயிற்று.

"வழியில மழையோ என்னவோ" என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. மகன்தான், என்னைக் கேட்டார். "கிளம்ப முடியல சிஸ்டர். அம்மா கதவைத் திறக்கிறாங்களா? நீங்க சொன்னாலே போதும்."

நான் பொய் சொல்வதில்லை. "லைன்ல இருங்க" என்று போனைக் கட்டிலில் வைத்தேன். "எழுந்திருங்க அக்கா."

"பெல் அடிக்கலையே."

"அடிக்காது."

வாக்கரை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். இடது பக்கம், அரை அடி பின்னால் நான். பதினைந்தில் நின்றார். கால் நடுங்கியது. நான் தொடவில்லை. பதினாறு. பதினேழு. கடைசி இரண்டும் அரையரை அடியாக நகர்ந்தன. தாழ்ப்பாளை அவரேதான் இழுத்தார்.

வெளியே யாரும் இல்லை. எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

"திறந்தாங்க" என்று போனில் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார் மகன். வீடு புயலக்காவுக்கு மிஞ்சியது.

ஐந்து மாதம் கழித்து, நான் வேறு வீட்டில் வேலையில் இருந்தபோது, நாவல் தபாலில் வந்தது. நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். நாயகி தானே படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து கதவைத் திறக்கிறாள். படகுக்காரன் அவளைத் தூக்கவில்லை. அடிபட்ட கால் பக்கமாக, அரை அடி பின்னால் வருகிறான். படகில் ஏறியதும் முதல் வேலையாக வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்கிறான்.

போன் செய்தேன். "சரியா எழுதியிருக்கீங்க அக்கா. நடக்கிறீங்களா?"

"தினம் நாலு தடவை. வாசல் வரைக்கும்."

"பின்னால யாரு நிக்கிறது?"

"சுவர் இருக்கு. அதை ஒட்டியே போறேன்."

வாக்கரின் கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லிவிட்டு வைத்தேன்.