கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து மாற்றிய பெயர்

கல்யாண லீவு முடிந்து அலுவலகம் போன முதல் நாள், என் கணினி என்னை உள்ளே விடவில்லை. பெயரை அடித்தேன், கடவுச்சொல்லை அடித்தேன், பிழை என்றது. கையில் மருதாணி இன்னும் மங்கியிருக்கவில்லை. விரல் தடுமாறியிருக்கும் என்று நிதானமாக இன்னொரு முறை அடித்தேன். மறுபடியும் பிழை. பக்கத்து மேசைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல், நீ இப்போது அந்த ஆள் இல்லையே, புதுப் பெயரை அடித்துப் பாரேன் என்றாள். என் பெயரோடு அப்பாவின் பெயர் சேர்ந்திருந்த இடத்தில் கணவரின் பெயரைப் போட்டு அடித்தேன். திறந்துகொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பதுளை டவுனில் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கங்களில் உள்ள தோட்டங்களின் அலுவலர்கள் எல்லோருடைய பெயரும் எங்கள் சேர்வர் ஒன்றில் இருக்கும். கம்பனி ஒரு மரம், தோட்டம் ஒரு கிளை, ஆள் ஓர் இலை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். யாருக்கு எந்த மின்னஞ்சல், யார் எந்தக் கணினியைத் திறக்கலாம் என்பதெல்லாம் அந்த மரத்தைக் கேட்டுத்தான் நடக்கும். அதில் ஓர் ஆளின் பெயரே அவருடைய முகவரியும். தொலைபேசி எண்ணை மாற்றுவது போல அதைத் திரையில் தட்டி மாற்றிவிட முடியாது. அதற்கென்று தனிக் கட்டளை ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் கையால் அடிக்க வேண்டும்.

அந்தக் கட்டளையின் ஆங்கிலப் பெயரை வாயால் சொல்ல முடியாது. உயிரெழுத்துக்குப் பஞ்சம் வந்த ஊரில் வைத்த பெயர் போலிருக்கும். நாங்கள் அதைப் 'பேர்மாத்தி' என்றுதான் சொல்வோம். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து, பழைய பெயரை முழு முகவரியோடு எழுதி, பக்கத்தில் புதுப் பெயரை எழுதி என்டரைத் தட்டினால் காரியம் முடிந்தது. முடிந்ததென்று கூடச் சொல்லாது. பிழை இருந்தால் மட்டும் வாயைத் திறக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெண் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார்கள். அவள் லீவில் போனதும், எனக்கு முன்னால் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பலகைக்கு முன் போய் நின்று, மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்துக்கொண்டு வந்து, பேர்மாத்தியால் அவள் பெயரை மாற்றிவிடுவார். விண்ணப்பம் கிடையாது, கையெழுத்து கிடையாது, அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. திரும்பி வந்ததும் அவள் ஆச்சரியப்பட வேண்டுமாம். அலுவலகத்தின் கல்யாணப் பரிசு அது. என் பெயரும் அப்படித்தான் போனது.

போன பெயருக்குப் பதிலாக வந்தது பெரிய இடத்துப் பெயர். கணவர் வீட்டார் பதுளை பஜாரில் தலைமுறை தலைமுறையாகப் புடவைக் கடை வைத்திருப்பவர்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கேயும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். என் அப்பா ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை பெக்டரியின் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவள். இதெல்லாம் தெரிந்துதான் அவர் என்னைக் கட்டினார். ஆனால் மாமியார் வருகிறவர்களிடம், சம்பந்தி பெக்டரியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார் என்பார். நான் அந்த இடத்தில் இருந்தால் தேநீர் எடுத்து வரச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுவார்.

நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. என் அப்பா அம்மாவுக்குப் பத்திரிகை வைக்க எப்போது போகலாம் என்று கேட்டேன். அன்றைக்குக் கூட்டமாக இருக்கும், அவர்களை மறுநாள் ஆறுதலாக வரச் சொல்லு என்றார் மாமியார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். சட்டைக் கைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, அம்மா சொல்வதும் சரிதானே என்றார். கல்யாணத்தன்று காலையில் கட்டிய பட்டுச் சேலையோடு ஹாலிஎல பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சேலையோடு லயத்து வாசலில் போய் இறங்கியவள், பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

விவாகரத்துக்கு வழக்குப் போட்டேன். அவர் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டார், ஒருமுறை காரணம்கூடச் சொல்லவில்லை. தவணைக்கு மேல் தவணை. இதற்கிடையில் பழைய அண்ணன் வெளிநாடு போக, சேர்வர் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கணவரின் பெயரை அடித்துத்தான் நான் என் வேலையைத் தொடங்கினேன்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. எங்கள் சேர்வரை மூடிவிட்டு எல்லாப் பெயர்களையும் கொழும்பு சேர்வருக்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளிக்கிழமை என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் போகும். பிறகு மாற்றுவதென்றால் நீதிமன்றத் தீர்ப்பின் பிரதி வேண்டும். அதாவது, அந்த மனிதர் நீதிமன்றத்துக்கு வராமல் வீட்டில் இருக்கும் காலம் வரைக்கும் நான் அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

கடவுச்சொல் என் கையில்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரே நிமிடத்தில் மாற்றிவிட்டிருக்கலாம். மாற்றச் சொல்லித் தோழிகளும் சொன்னார்கள். என் பெயரை நான் ஏன் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டும்? அதற்குள் பெயர் மாற்றத்துக்கென்று ஒரு படிவம் வந்திருந்தது. அதை நிரப்பி, மெனேஜரின் கையெழுத்துக்காக அவர் மேசையில் பகிரங்கமாக வைத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் லயத்துக்குத் திரும்பி வந்ததையே பக்கத்து வீடுகளில் பூசி மெழுகிக்கொண்டிருந்தவர் அவர். மகளுக்கு வேலை அதிகம், இங்கிருந்து போய்வரச் சுலபம் என்று ஒரு கதை.

"பேர மாத்துனா நீ வாழாம வந்தது ஊருக்கே தெரிஞ்சிரும். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கத யாரு பாக்கப் போறா, கெடந்துட்டுப் போவட்டுமே" என்றார்.

"நான் பாக்குறேன்மா. தெனமும் நான் பாக்குறேன்" என்றேன்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தன் பெயரை ஒரு கம்பனி கணினியில் போடுவதற்காக வீட்டில் சண்டை நடப்பது அப்பாவுக்கு விளங்கியதா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. ரேடியோவின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

அடுத்த நாள் காலை மெனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மழை நாட்களில் என்னை பஸ் நிலையம் வரைக்கும் தன் வாகனத்தில் கொண்டுபோய் விட்டவர். என் படிவத்தை நீட்டி, தீர்ப்பின் பிரதி இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது நல்ல பேரு மகள். இந்த டவுன்ல இந்தப் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கு. எதுக்கு விட்டுட்டுப் போறீங்க?"

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அதிகம் சுட்டது. என் அப்பாவின் பெயருக்கு மதிப்பில்லை என்பதை இவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கல்யாணம் கட்டியபோது என் பெயரை எந்தப் பத்திரத்தைப் பார்த்து மாற்றினார்கள் என்று கேட்டேன். அது வழக்கம் என்றார். அந்த வழக்கத்துக்கு விண்ணப்பம் போட்டது யார் என்று கேட்டேன். அதற்கும் அது வழக்கம் என்றுதான் பதில் வந்தது. போவதற்கு அறிவிப்புப் பலகையில் குத்திய ஒரு காகிதம் போதும், திரும்பி வருவதற்கு நீதிபதி வேண்டும். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. சிஸ்டத்தில் இல்லாத பெயரைப் பத்திரமில்லாமல் புதிதாக ஏற்ற முடியாது, அதுதான் சட்டம் என்று முடித்துவிட்டார்.

கோபத்தோடு வந்து உட்கார்ந்து, என் பதிவை முழுவதும் திரைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது, கணவரின் பெயரை முறைக்க வேண்டும் போலிருந்தது. மேலே அவர் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், அப்பாவின் பெயரோடு சேர்ந்த என் பழைய பெயர் அப்படியே இருந்தது.

விஷயம் இதுதான். பேர்மாத்தியை ஓட்டும்போது, பழைய பெயரை அழித்துவிடு என்பதற்கு ஓர் எழுத்தைச் சேர்த்து அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புதுப் பெயர் மேலே வந்து உட்காரும், பழையது கீழே அப்படியே கிடக்கும்; கணினியைத் திறக்க மட்டும் மேலே இருக்கும் பெயர்தான் செல்லும். அந்த அண்ணன் மகா சோம்பேறி. அந்த ஓர் எழுத்தை அவர் யாருக்குமே அடித்ததில்லை. கல்யாணம் கட்டிய பெண்கள் சிலரின் பதிவுகளையும் திறந்து பார்த்தேன். எல்லோருக்கும் அடியில் அவரவர் அப்பா பெயர் இருந்தது.

மெனேஜரைக் கையோடு கூட்டிவந்து திரையைக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரிகள் இரண்டு பேர் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள்.

"இல்லாத பேர நான் ஏத்தச் சொல்லல சேர். இருக்கிற பேர மேல எடுக்கப் போறேன்."

மெனேஜர் குனிந்து இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். அவருடைய சட்டத்துக்குக் கால் உடைந்துவிட்டது. பிறகு ஒரு வழி சொன்னார்: அப்பா பெயரை மேலே எடுக்கலாம், கணவர் பெயர் கீழே இருக்கட்டும், தீர்ப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் பிழை வராதாம்.

முடியாது என்றேன். கேட்காமல் வந்தது கேட்காமலே போகட்டும். அப்படியானால் அவர் கையெழுத்துப் போட மாட்டாராம். வேலைக்கே ஆபத்தாகலாம் என்பதையும் சொல்லிவைத்தார். மிரட்டலாக அல்ல, உண்மையாகவே பயந்துதான் சொன்னார். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தேன். ஆனாலும் படிவத்தை எடுத்து, 'மெனேஜரின் ஆட்சேபனையை மீறி, நிர்வாகியான நானே மாற்றுகிறேன்' என்று அவர் கண் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கறுப்புத் திரையைத் திறந்து, கணவர் பெயர் ஒட்டியிருந்த முகவரியை அடித்தேன், அப்பா பெயரோடு என் பெயரை அடித்தேன், அழிக்கும் அந்த எழுத்தையும் அடித்தேன். என்டர். சேர்வர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி தேடிப் பார்த்தேன். கணவரின் பெயர் எங்கேயும் இல்லை. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருத்தி மட்டும், தன் பதிவையும் ஒருமுறை திறந்து காட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பெயர்கள் கொழும்புக்குப் போயின. கொஞ்ச நாளில் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியது: உரிய ஆவணமின்றிப் பெயரை மாற்றியது ஏன்? நான் நீட்டி முழக்கவில்லை. முதல் மாற்றத்துக்கு வைத்திருக்கும் ஆவணத்தை நீங்கள் அனுப்புங்கள், அதே வகை ஆவணத்தை நானும் அனுப்புகிறேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வழக்கு இன்னும் தவணையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அப்பா பெயரோடு சேர்ந்த என் பெயர் எல்லாத் தோட்டங்களின் திரைகளிலும் வந்த வாரம், லுணுகலைப் பக்கத்து பெக்டரி ஒன்றின் அதிகாரி தொலைபேசியில் வந்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டு அடிக்கடி என்னைக் கூப்பிடுகிறவர். மிஸ், மிஸ் என்று குழைவார். முன்பு ஹாலிஎலப் பக்கம் எங்கள் தோட்டத்து பெக்டரியில் வேலை பார்த்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் பெயரைச் சொல்லி, "அடுப்புக்கு வெறகு போடுற அந்த ஆளோட மகளா நீ? இத்தன நாளா சொல்லவே இல்லியே நீ" என்றார்.

கணவர் வீட்டில் என் அப்பாவை மறைத்ததெல்லாம் இந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காகத்தான்.

"ஆமாங்க, அவர் மகதான். போன வாரம் வரைக்கும் நீங்கன்னுதானே பேசுனீங்க. அப்பிடியே பேசுங்க."

நான் ரிசீவரை வைக்காமல் காத்திருந்தேன்.

"சரிங்க மிஸ்" என்றார். "பாஸ்வேர்ட் மறந்துபோச்சுங்க."