அணு ஆலோசகரின் கார் சாவி

அணுமின் கொள்கையில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அந்த அதிகாரி, சிதம்பரத்தில் எங்கள் கல்லூரிக்குப் பேச வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைத்த தாடி. எந்தக் கேள்விக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"மனுஷன் தப்பு பண்ணுவான்னு நெனச்சுத்தான் அணு உலையில ஒவ்வொரு பாதுகாப்பையும் வெக்கிறோம்" என்றார். மனதாரக் கைதட்டினேன்.

மதிய விருந்தில் அவர் குடித்ததை எல்லோரும் பார்த்தோம். கடலூருக்குக் கிளம்பச் சாவியை எடுத்தார்.

"சார், டிரைவர் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு பெக்குதான். ரிஸ்க் பத்தி எனக்கே பாடமா?"

கல்லூரி முதல்வர் என் கையைப் பிடித்து இழுத்தார். "பெரிய மனுஷரு, விடுங்க."

கல்லூரி வாசலைத் தாண்டியதுமே கார், மொபெட்டில் மீன் கூடையோடு வந்த ஒரு பெண்ணைத் தட்டித் தள்ளியது. சாலையெங்கும் மீன் சிதறியது. "அய்யோ, கை போச்சே!" என்று அலறினாள். நான் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் செய்தேன். முதல்வர் என்னை முறைத்தார்.

காருக்குள் உட்கார்ந்திருந்த நிபுணர் தாழ்ந்த குரலில் என்னைக் கூப்பிட்டார். "போலீஸ் வந்தா ஊதச் சொல்லுவாங்களா?"

அதைத்தான் கேட்டார். அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இத்தனை படித்த மனிதருக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, கோபமும் ஆறவில்லை.