கொட்ட விடாத தண்ணீர்

ஆராய்ச்சி நிலையத்தின் முயல் கொட்டகையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு முன்னால் முயலக்கா, முதுகுக்குப் பின்னால் வாயாடி. இரண்டும் அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாகத் தீவனம் அவித்து, கூண்டு கழுவி, ரத்தம் எடுக்கும்போது முயலை மடியில் அணைத்துப் பிடித்தவள் அவள்தான். காதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே எந்த முயலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

அந்த முறை சோதனை காட்டு அவரை விதையில். ஒரு வரிசைக் கூண்டுகளுக்கு அவித்த விதை, பக்கத்து வரிசைக்கு வழக்கமான தீவனம். விதை வெந்த தண்ணீர் கறுத்து நுரைத்துக் கிடந்தது. அதைச் சாக்கடையில் சாய்க்கப் போனாள். ஆராய்ச்சியாளர் ஓடிவந்தார்.

"கொட்டாதீங்கக்கா! சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. தீவனத்துலயே கலந்துடுங்க."

"வாயில வைக்க முடியல சார், அவ்வளவு கசப்பு. இதுல சத்தா இருக்கும்?"

"நீங்க அவிச்சா போதும். ஆராய்ச்சிய நான் பாத்துக்கறேன்."

கலந்தாள். மூன்றாவது வாரமே அந்த வரிசையின் காதுகள் வெளிறின. ரத்தம் எடுக்க நரம்பைத் தேட வேண்டியிருந்தது. ஆராய்ச்சியாளரிடம் போய்ச் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆறாவது வாரம் இரண்டு முயல்கள் செத்தன, மற்றவற்றுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் பாதியாகிவிட்டன. மறுநாளே ஆராய்ச்சியாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது: 'பணியாளர் விதையைச் சரியாக அவிக்கவில்லை.' தாளுக்கென்ன, எதைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். கையெழுத்துப் போட்டால் கண்டிப்போடு விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் வேலை போய்விடும்.

"போட்டுத் தொலையேன்க்கா," என்றாள் அன்றிரவு வீட்டில் தங்கை.

"அவிக்கத் தெரியாதவன்னு நானே எழுதிக் குடுக்கவா? அப்புறம் எது செத்தாலும் என் தலையிலதான் விழும்."

காலையில் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"அதே விதை, அதே அடுப்பு, அதே முயலுங்க. தண்ணிய மட்டும் கொட்டிட்டுக் குடுக்கறேன். ஒன்றரை மாசத்துல ரத்தம் ஏறலன்னா, கையெழுத்தும் போடறேன், வேலையும் விட்டுடறேன்."

இயக்குநர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்த ஒன்றரை மாதமும் அவள் லீவே எடுக்கவில்லை. காய்ச்சலில்கூட வந்து, தன் கையால் அவித்து, கறுத்த தண்ணீரை எல்லோரும் பார்க்கும்படி கொட்டினாள். காதுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைசிச் சோதனையில் அந்த வரிசையின் ரத்தம் பக்கத்து வரிசையோடு ஏறக்குறைய சமமாக நின்றது.

இயக்குநர் அறையில் ஆராய்ச்சியாளருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்க்கா! தண்ணிய வடிச்சா விதை நல்ல தீவனம்னு கட்டுரையே எழுதலாம். அந்தப் பழைய தாள்ல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, கோப்ப மூடிடலாம்."

அவள் தாளை வாங்கினாள். தட்டச்சு செய்த வரியை ஒரே கோடாக அடித்தாள். கீழே நிதானமாக எழுதினாள்: 'பணியாளர் சரியாகத்தான் அவித்தார். தண்ணீரைக் கலக்கச் சொன்னவர் ஆராய்ச்சியாளர்.' அதன் கீழே கையெழுத்திட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நான் போட்டாச்சு. இப்ப நீங்க போடுங்க சார்."