சோடியில் ஒருவன்

பொம்மைச் சிப்பாய் விற்கிறவன் என்னைக் கண்டு சிரித்தால் எனக்குச் சந்தேகம் வரும். சிரிக்காவிட்டால் அது இன்னும் கூடும். இதில் என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. மட்டக்களப்பு நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். “எல்லாம் நல்லாத் தெரியுது” என்று பொய் சொல்கிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துப் பிடிப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. அந்தப் புத்தி கடையைப் பூட்டிய பிறகும் என்னை விட்டுப் போவதில்லை.

கொழும்பில் இடையிடையே சேகரிப்பாளர்கள் ஒரு மண்டபத்தை எடுத்து மேசை போடுவார்கள். முத்திரை, பழைய நாணயம், விளையாட்டுக் கார், அவற்றுக்கு நடுவில் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் விரல் உயரச் சிப்பாய்கள். நரை விழுந்த ஒரு மனுசன் இதற்காக ரயில் ஏறிப் போகிறான் என்றால் யார் நம்புவார்கள்? என் மாமியாரே நம்பவில்லை. கொழும்பில் எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். சிப்பாய்களைக் கொண்டுவந்து காட்டியபோது அந்தச் சந்தேகம் தீர்ந்து, எனக்கு மூளை சரியில்லையோ என்ற சந்தேகம் வந்தது.

அங்கே எனக்குப் பாடம் படிப்பித்தது ஒரு பீரங்கி. வெண்கல நிறம், சுழலும் சில்லுகள், கைக்குள் அடங்கும் கனம். கண்டதும் நான் யோசிக்கவே இல்லை. காசெடுக்கக் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்துப் பார்த்தால் பின்பக்கம் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு சின்ன பிளேட். பென்சில் சீவுகிற சாமானுக்குப் பூச்சு அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஓ எல் சோதனை எழுதும் வரைக்கும் அதில்தான் பென்சில் சீவினாள்.

அதற்குப் பிறகு திட்டம் இல்லாமல் நான் எந்த மண்டபத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஒரு கண்காட்சிக்கு ஒரே ஒரு சிப்பாய். அவன் யார் என்பது வீட்டிலேயே முடிவாகிவிடும். உள்ளே போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பேன். வேண்டியவன் கண்ணில் பட்டாலும் நிற்கக் கூடாது. நின்றால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். அதைவிட மோசம், மற்றச் சேகரிப்பாளர்கள் பார்த்துவிடுவார்கள். பிறகு வெளியே போய் ஒரு பிளேன்டீ. அதைக் குடித்து முடித்த பிறகும் ஆசை அடங்காமல் இருந்தால் மட்டும் திரும்பிப் போய், பக்கத்தில் கிடக்கும் வேறு எதையாவது விலை கேட்டுவிட்டு, போகிற போக்கில் அவனையும் கேட்பது. கண்டவுடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். அவர்களை நம்பித்தான் பீரங்கி விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. அது என் மனைவி போட்ட சட்டம். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் கட்டி அவள் வீட்டுக்குக் குடிவந்தவன் நான். அலுமாரி என்னுடையது என்றாலும் அது நிற்கிற சுவர் அவளுடையது. முதல்முதல் நான் சிப்பாய்களைக் கொண்டுவந்து பிரித்தபோது அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இவங்க இரிக்கட்டும்” என்றாள். “துவக்குப் பிடிச்ச ஒருத்தனும் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது.”

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளுடைய தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அது எங்கள் கலியாணத்துக்கு முந்திய கதை. அதன் பிறகுதான் குடும்பம் தேற்றாத்தீவிலிருந்து நகரத்துப் பக்கம் வந்து, பாலத்துக்கு அங்கால் இந்த வீட்டைக் கட்டியது. கொண்டுபோனவர்கள் யார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பல கைகளில் துவக்கு இருந்த காலம் அது. மாமியார் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். ஆகவே நான் பாண்ட் வாத்தியக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கினேன். சிவப்புக் கோட்டு, உயரத் தொப்பி, ஊதுகுழல், சின்ன மேளம், தாளம். வாள் பிடித்த குதிரைக்காரர்களுக்கு மட்டும் அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்.

போன வருடம் அந்தக் கண்காட்சி எங்கள் ஊருக்கே வந்தது. வாவிக்கரையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். என் திட்டம் தயார்: பெரிய மேளம் சுமக்கிறவன். என் பாண்ட் கோஷ்டியில் அவன் ஒருவன்தான் குறை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க, மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வாறன்.”

“ஏன்?”

“சும்மா பாக்கத்தான்.”

இத்தனை வருடத்தில் அவள் எதையும் சும்மா பார்த்ததை நான் காணவில்லை. மீன் வாங்கினால் செவுளைக் கிளப்பிப் பார்ப்பாள், பிறகு விற்கிறவனின் முகத்தையும் பார்ப்பாள். நான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று துப்புத் துலக்க வருகிறாள் என்று முடிவுகட்டினேன். ஓட்டோவில் போகும்போது, சிப்பாய்களெல்லாம் மலிவு என்று ஒரு முன்னுரையும் சொல்லிவைத்தேன். அவள் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே போனதும் என் கண்ணில் பட்டவர் திருகோணமலைக்காரர் ஒருவர். ஓய்வுபெற்ற பொறியியலாளர். இந்த மனுசன் சிப்பாய்களைப் பார்ப்பதில்லை. நான் எந்த மேசையில் தயங்குகிறேன் என்று என் காலைத்தான் பார்ப்பார். அவருக்காகவே நான் ஒரு நாணய மேசையில் வீணாக நின்று, ஒரு செப்புக் காசை உருட்டி உருட்டிப் பார்த்தேன். மேளக்காரன் கொழும்பு ஆள் ஒருவரின் மேசையில் நின்றான். மேளத்தில் பூச்சு உரியாமல் இருந்தது. ஆனாலும் நிற்காமல் கடந்துபோனேன்.

மனைவி பின்னால் வருவதை நிறுத்தி, தன்பாட்டில் சுற்றத் தொடங்கியிருந்தாள். நல்லது என்று நினைத்து, திட்டப்படி வெளியே போய் பிளேன்டீ வாங்கினேன். பாதிதான் குடித்திருப்பேன். ஜன்னலுக்குள்ளால் பார்த்தால் அவள் ஒரு மேசைக்கு முன்னால் கைப்பையைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

அது ஏறாவூர்க்காரர் ஒருவரின் மேசை. வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் அங்கத்தைய பழஞ்சாமான் சந்தைகளில் பொறுக்கிச் சேர்த்தவை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கதையை முதலே கேட்டு, நான் நம்பாமல் வந்த மேசை. சிரிக்கிற ஆள் வேறு. என் மனைவியை மடக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

அவளுக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் உருவங்கள். இரண்டும் ஒரே பச்சை. ஒருவன் தலைக்கவசத்தோடு துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மற்றவன் அவனிடம் பிடிபட்டவன். தொப்பி இல்லை, ஆயுதம் இல்லை, சட்டையின் மேற்பொத்தான் திறந்திருக்கிறது. இரண்டு கைகளையும் காதுகளுக்கு மேலே தூக்கியிருக்கிறான்.

“இவன் மட்டும் என்ன விலை?” என்று அவள் கைதூக்கியவனைத் தொட்டுக் கேட்டாள்.

“அது சோடி, அக்கா” என்றார் அவர். “பிரிச்சுத் தாறல்ல. பிரிச்சா மத்தவனை ஆரும் எடுக்கமாட்டாங்க.”

இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். சோடியைப் பிரிப்பது எங்கள் வட்டத்தில் பெரிய பாவம். நான் லென்ஸை எடுத்து இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். சாதாரண அச்சு, எங்கேயும் கிடைக்கும். அவளைப் பக்கத்தில் இழுத்து, “புள்ள, இதில ஒருத்தன் துவக்குக்காரன். தெரியல்லையா?” என்றேன்.

“தெரியுது.”

“நீ போட்ட சட்டம்தானே?”

அவள் மேசைக்காரர் பக்கம் திரும்பினாள். “தம்பி, ரெண்டுக்கும் காசு தாறன்” என்று அவரிடம் சொன்னாள். “இவனை மட்டும் சுத்தித் தாங்க.”

“மத்தவன்?”

“அவன் இங்கயே கிடக்கட்டும்.”

அவர் சிரிப்பதை நிறுத்தி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பேரம் ஒன்றும் பேசாமல் கைதூக்கியவனைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். துவக்குக்காரனை எடுத்து மேசைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் போட்டார். அடுத்த ஊரில் திரும்பவும் விற்கத்தான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

கொழும்பு ஆளின் மேசைக்குத் திரும்பினேன். மேளக்காரன் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. மண்டபத்தின் மறுகோடியில் திருகோணமலைக்காரர் ஒரு சின்னப் பொட்டலத்தோடு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எத்தனை மாதத் திட்டம். ஒரு திட்டமும் இல்லாமல் வந்த இவள், கண்டதும் வாங்கி, அதிலும் பாதியை விட்டுவிட்டு, என் மேளக்காரனையும் தொலைத்துவிட்டாள்.

“உன்னாலதான் அவன் கை மாறினான்” என்று ஓட்டோவில் சொன்னேன்.

“வேற மேளக்காரன் வருவான்” என்றாள்.

பாலத்தில் ஏறியபோது எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. அந்தப் பொட்டலத்தை வாவிக்குள் எறியத்தான் வாங்கியிருக்கிறாளோ? அவள் கைப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தேன். எறியவில்லை. அப்படியென்றால் அடுப்பில் போடப்போகிறாள் என்று எண்ணினேன். அதுவும் இல்லாவிட்டால் இது எனக்கு வைத்த பொறி: நாளைக்கு நான் ஒன்றுக்கு இரண்டாக எதையாவது வாங்கிவந்தால் குத்திக்காட்ட ஒரு முகாந்திரம். வீடு வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று காரணங்கள் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றிலும் அவள்தான் குற்றவாளி.

சேலையைக்கூட மாற்றாமல் அவள் குசினிக்குள் போய்க் கேத்தலை வைத்தாள். தேத்தண்ணிக்கு இல்லை என்று தெரிந்தது. கோப்பையை எடுக்காமல் ஒரு சட்டியை எடுத்து வைத்திருந்தாள். நான் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். தண்ணீர் கொதித்ததும் சட்டியில் ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்து, அவனை மெதுவாக உள்ளே விட்டாள்.

“என்ன செய்யிறாய்?”

“நீங்க குதிரைக்காரன்ட வளைஞ்ச வாளை இப்பிடித்தானே நிமித்துற?”

அது உண்மை. சுடுதண்ணீரில் பிளாஸ்டிக் இளகும். அவள் கரண்டியால் அவனை எடுத்து, சூட்டையும் பார்க்காமல், இரண்டு கைகளையும் விரலால் பிடித்துக் கீழே அமுக்கினாள். விட்டதும் அவை மேலே எழும்பின. திரும்பச் சட்டிக்குள் விட்டு, திரும்ப எடுத்து அமுக்கினாள். திரும்பவும் எழும்பின. அவளுடைய விரல்நுனிகள் சிவந்திருந்தன.

“பாத்துக்கிட்டு நிக்கிறீங்க” என்றாள். “வந்து பிடிங்க.”

போய்ப் பிடித்தேன். நான் அவன் கைகளை உடம்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருக்க, அவள் குளிர்ந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

“எங்கட தம்பி கையைத் தூக்கிக்கிட்டுத்தான் போனான். படலையால போய், வேலி முடியிற மட்டும் எனக்குத் தெரிஞ்சது. அதுமட்டும் தூக்கினபடிதான். ஒருத்தனும் அவனைக் கையை இறக்கு எண்டு சொல்லல்ல.” அவள் திரும்பவும் தண்ணீர் மொண்டாள். “துவக்கு எனக்கு ஞாபகமில்ல. கைதான் ஞாபகம். எவ்வளவு நேரம் வலிச்சிருக்கும்.”

துவக்குக்குத்தான் அவள் பயந்தாள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருக்கிற எனக்கு இந்த ஒன்றில் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் படுக்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

விரலை எடுத்தேன். கைகள் கீழேயே நின்றன. அவள் முந்தானையால் அவனைத் துடைத்து, அலுமாரியில் பாண்ட்காரர்களின் வரிசைக் கடைசியில் நிறுத்தினாள். கை தொங்கப்போட்டு நிற்கிற ஒரு சாதாரணப் பொடியன், யாரோ வாசிப்பதை நின்று கேட்கிறவன்போல இருந்தான். அவள் வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு சோறு போட்டாள்.

நான் ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. பிளாஸ்டிக் தன்னை வார்த்த உருவத்தை மறப்பதில்லை. நாம் வளைத்துவைத்தாலும் சூடு பட்டால் பழையபடி அதற்கே திரும்பும். எங்கள் ஊர் மத்தியான வெக்கை அதற்குத் தாராளம். அடுத்த வெயில் காலத்தில் அவன் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கின. முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு. நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். அவள் கண்டுவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. சில நாட்களில் கடையில் ஆட்கள் இருக்கும்போது போன் வரும். “வாங்க, கை ஏறிட்டுது” என்பாள்; வேறொன்றும் சொல்லமாட்டாள். இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். எழுத்துப் பலகைக்கு முன்னால் இருப்பவரைப் பின்னேரம் வரச்சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நான் போவேன்.