ஒரு வாய்த் தண்ணீர்

புனேவின் தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியின் மதில் ஓரமாக நடக்கும்போது மட்டும் விசாலாக்ஷியின் கால்கள் விசாலாக்ஷியின் பேச்சைக் கேட்பதில்லை. உள்ளே யாரோ ஒரு ஹவில்தார் தொண்டை கிழியக் கத்துவார். வெளியே, வெந்தயக்கீரையும் அரை கிலோ வெங்காயமும் பையில் போட்டுக்கொண்டு போகிற இந்த அம்மாளின் இடது கால் சட்டென்று அந்தக் குரலுக்கு விழும். அப்புறம் வலது. முதுகு நிமிரும். பை ஆடாது. மதில் முடிந்து பங்க்சர் கடை வந்ததும் அவை மறுபடியும் ஒரு குடும்பத் தலைவியின் கால்களாகி, அடுப்பில் வைத்த பருப்பை நினைத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும்.

கேட்டால், "பழக்கம்ங்க. நாயைக் கண்டா ஓடறோம் இல்ல, அது மாதிரி" என்பார். நாயைக் கண்டு ஓடுகிறவர் முகத்தில் அப்படி ஒரு களையை, பக்கத்து வீட்டிலேயே இருக்கும் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் ஆனால் இதே விசாலாக்ஷி டீச்சர். ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்காக, முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மூன்று பாடம் நடத்துகிறார்: மனித உரிமை, ஆண் பெண் சமத்துவம், எந்த வேலைக்குப் போவது. உலகத்து அரசாங்கங்கள் கூடிக் கூடிப் பேசி இன்னும் முடிக்காத சமாச்சாரங்கள். விசாலாக்ஷி இவற்றை, சமோசா இடைவேளை உட்பட, ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிடுகிறார்.

பாதிப் பிள்ளைகள் தமிழ், மீதி மராத்தியும் ஹிந்தியும். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகளும் ஏறி இறங்கும். "அரே, சுனோ! உரிமையை யாரும் தாம்பூலத் தட்டுல வெச்சுக் குடுக்க மாட்டான். மாங்க்னா படேகா. வாயத் தொறந்து கேக்கணும். சமஜ்லா கா?" புரிந்ததோ இல்லையோ, "ஹோ, பாயி!" என்று கூரை அதிரும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் டீச்சரம்மாவுக்குப் 'பாயி' என்று பெயர்.

மனித உரிமை எங்கே ஆரம்பிக்கிறது என்று போன வருடம் ஒரு கேள்வி போட்டார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து ஐக்கிய நாடுகள் சபை என்றது. "அவ்ளோ தூரம் போகாத கண்ணு. உங்க கக்கூஸ் கதவுல ஆரம்பிக்குது. தாழ்ப்பா இருக்கா?" இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே காவல் நிற்பது அந்தப் பள்ளியின் தொன்மையான மரபு. அடுத்த வாரம் பெண்கள் மொத்தமாகப் போய்த் தலைமையாசிரியரின் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன இது என்று அவர் உள்ளிருந்து கேட்டதற்கு, "நீங்க உள்ள இருக்கீங்களே சார், அதான் காவலுக்கு" என்று பதில் வந்தது. மறுநாளே தாழ்ப்பாள் வந்துவிட்டது.

பையன்களுக்கு வேறு வைத்தியம். நேற்று ராத்திரி உங்கள் அம்மா என்ன சாப்பிட்டாள், எப்போது உட்கார்ந்தாள் என்று வரிசையாகக் கேட்பார். கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை உளறாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். விச்சு என்கிற பத்தாம் வகுப்புப் பையன் மட்டும் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மா சாப்பிட்டே நான் பாத்ததில்ல மேடம். உப்புப் பாப்பாங்க, அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்கள். விச்சு அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு தட்டு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அந்த அம்மாள் பயந்து போய், பிள்ளைக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

மூன்றாவது பாடந்தான் விசாலாக்ஷிக்கு உயிர். தாபோடியில் ஒரு குழந்தை பிறந்து தொப்புள்கொடி விழுவதற்குள் ஹிஞ்சேவாடி சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போகிற வண்டியில் அதற்கு ஜன்னலோர சீட்டுப் போட்டுவிடுகிறார்கள். மிச்சம் மீதி இருந்தால் டாக்டர். அதிலும் மிஞ்சினால் பாங்கு. "உங்க ஆசைய மூட்டையாக் கட்டிப் புள்ளைங்க தலையில ஏத்தாதீங்க. உங்க மூட்டைய நீங்க தூக்குங்க" என்பது பெற்றோருக்கு இவர் சொல்லும் மந்திரம்.

இவர் மூட்டையில் என்ன இருக்கிறது என்பதை, கீரை ஆய்ந்துகொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னார். வேலூர்ப் பக்கம். அப்பா சுபேதார். காலேஜில் என்.சி.சி.யில் முதல் ஆள். பட்டாலியன் அணிவகுப்பில் கொடிக்குப் பக்கத்தில் நடந்தவர். ராணுவத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா சிரித்தார். பெண்களை அங்கே ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் எடுப்பதில்லை. எண்பத்தெட்டில் கல்யாணம், புனே. தொண்ணூற்றிரண்டில் ஒரு காலை பேப்பரைப் பிரித்தால், பெண்களையும் அதிகாரிகளாக எடுக்கப் போகிறார்கள் என்று அரைப் பக்கம். பட்டதாரியாக இருக்க வேண்டும்: இருந்தார். வயது: இருந்தது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இடுப்பில் மகள் ப்ரீதி இருந்தாள்.

"கவர்மெண்ட் நாலு வருசம் முன்னாடி யோசிச்சிருக்கலாம். இல்ல, எங்கப்பா நாலு வருசம் கழிச்சு யோசிச்சிருக்கலாம். ரெண்டு பேருமே கரெக்டா தப்பான நேரத்துல யோசிச்சாங்க" என்று சிரித்தார். ஆய்ந்த கீரையை மறுபடி ஆய ஆரம்பித்திருந்தார்.

அந்த ப்ரீதி இப்போது பத்தாவது, சனிக்கிழமை அம்மாவின் வகுப்பிலும் ஒருத்தி. அவளும் பள்ளியில் என்.சி.சி. இதில் தன் பங்கு எதுவுமில்லை என்று விசாலாக்ஷி சத்தியம் செய்வார், சத்தியத்தில் பொய்யும் இல்லை. வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் சொன்னார். சென்னையில் பெண்களுக்குப் பயிற்சி தரும் ராணுவக் கல்லூரியைப் பற்றிச் செய்தி வந்தால், பேப்பர் அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடிந்து சாப்பாட்டு மேசைக்குத் தானே நடந்து வரும். டியூஷனுக்குக் குறுக்கு வழி இருக்க, ஸ்கூட்டி மதில் பக்கமாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை ராத்திரி காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு அயர்ன் செய்வார் பாருங்கள், மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம். கணவர் வெங்கடேஸ்வரன், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், தன் சட்டைக்கு என்றைக்காவது அந்த யோகம் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார், அது ஒன்றுதான்.

வகுப்பின் கடைசி நாள் பெற்றோரும் வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நான் இன்னது ஆகப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் வருடம் பெற்றோரைச் சும்மா உட்கார வைத்து விசாலாக்ஷி கெட்டார். "என்ன ஆகணும்?" என்று பெண்ணைக் கேட்டால் அம்மா சொன்னாள். "உன் பேர் என்னப்பா?" என்று பையனைக் கேட்டால் அதையே அப்பா சொன்னார். பிள்ளைகள் பூம்பூம் மாடாகத் தலையாட்டின. அடுத்த வருடம் வகுப்புக்கு ஒரு மண்பானையும் ஸ்டீல் டம்ளர்களும் வந்து சேர்ந்தன. பிள்ளை எழுந்ததும் பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீரை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். விசில் ஊதும்வரை விழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. தவறினால் புதுத் தண்ணீர். பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெற்ற பிள்ளை என்ன சொல்கிறது என்பதைப் பலர் காதால் கேட்டது அன்றுதான்.

இந்த வருடம் விச்சுவின் அப்பா பாஸ்கர் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். பையன் எழுந்து, "நான் நர்ஸ் ஆகணும்" என்றான். முன் பெஞ்சில் நாலு பேர் நனைந்தார்கள்.

"ஏன்டா, நர்ஸுன்னா அது..."

"பாஸ்கர் சார், தண்ணி," என்று விசாலாக்ஷி டம்ளரை நீட்டினார்.

இரண்டாவது முறையும் நனைந்தார்கள். மூன்றாவது முறை விச்சு, பாட்டிக்குப் புண் கட்டியதிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்தான். விசில் ஊதியது. பாஸ்கர் விழுங்கினார். "இவ்ளோ விசயம் இவன் எங்கிட்ட பேசினதே இல்ல மேடம்" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

அடுத்து ப்ரீதி. விசாலாக்ஷி விசிலைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த சைனபுவிடம் கொடுத்தார். வீட்டிலேயே தையல் போட்டுப் பிழைக்கிற சைனபுவின் மகள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள். விசாலாக்ஷியும் வெங்கடேஸ்வரனும் ஆளுக்கு ஒரு வாய் வாங்கிக்கொண்டார்கள். பாஸ்கருக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. "இப்பப் பாப்போம். வாத்தியார் வீட்டுப் பரீட்சை!"

ப்ரீதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் நிற்பது போலவே நின்றாள். அம்மாவின் கண்ணில் அப்போது வந்த வெளிச்சத்தை, ஓரமாக வேடிக்கை பார்க்க வந்திருந்த நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எனக்கு வந்து... ஹேர் கட் பண்ற வேலை. பார்லர்ல புருவ த்ரெடிங் மட்டும் இல்ல. ஜென்ட்ஸ், லேடீஸ், பச்சா லோக், பொடிசுங்க, எல்லாருக்கும் முடி வெட்டணும். ட்வெல்த் முடிச்சு கோர்ஸ் போறேன்."

வெங்கடேஸ்வரன் தண்ணீரை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார். "முடி வெட்டறதா? என்ன பேச்சுடி இது! கண்டவன் தலையில எல்லாம் கை வெக்கறதா? ஊர்ல நம்ம ஜனங்க காறித் துப்ப மாட்டாங்களா? விசாலம், என்ன பாத்துட்டு இருக்க, சொல்லேன்!"

விசாலாக்ஷியால் எப்படிச் சொல்ல முடியும்? கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எந்த வேலையும் கேவலம் இல்லை, எந்தக் கையும் தாழ்ந்த கை இல்லை என்று இதே கரும்பலகையில் மூன்று மொழிகளில் எழுதியவர். பிள்ளைகள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். "மேடம், முழுங்குவீங்களா, துப்புவீங்களா?" என்றார் பாஸ்கர். யாரும் சிரிக்கவில்லை.

விசாலாக்ஷி எழுந்தார். பானையில் மொண்டு கணவர் கையில் டம்ளரைக் கொடுத்தார். மகளைப் பார்த்து, முதலிலிருந்து என்று விரலைச் சுழற்றிக் காட்டினார்.

ப்ரீதி மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கை பின்னால் இல்லை. "கேம்ப்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் நான்தான் முடி வெட்டுவேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி லைன் கட்டி நிப்பாங்க. நான் கேம்ப் போறதே அதுக்குத்தான், ம்மா. பரேடு எனக்குப் பிடிக்கும், பிடிக்காதுன்னு இல்ல. ஆனா அது உன்னோடது. நீ யூனிஃபார்ம் அயர்ன் பண்றப்ப உன் மூஞ்சியப் பாப்பேன். அதான் ரெண்டு வருசமா சொல்லல."

சைனபு விசிலை உதட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்து மெல்ல ஊதினார். "அக்கா, போதும்க்கா, முழுங்குங்க" என்றார். வெங்கடேஸ்வரன் விழுங்கிவிட்டுத் தரையைப் பார்த்தார். விசாலாக்ஷி விழுங்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் தொண்டை அசைந்தது.

மற்ற பிள்ளைகள் பேசினார்கள். சமோசா வந்தது, தீர்ந்தது, கூட்டம் கலைந்தது. வெங்கடேஸ்வரன் ஸ்கூட்டர் எடுக்கிற சாக்கில் வெளியே போனார். ப்ரீதி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றைப் பத்துத் தரம்.

"கத்திரி வெச்சிருக்கியா?" என்றார் அம்மா.

ப்ரீதி பையைத் துழாவி எடுத்தாள். விசாலாக்ஷி பெஞ்சில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கூந்தல் அவிழ்ந்து பெஞ்சைத் தாண்டித் தொங்கியது.

"டிரிம்தானே, ம்மா? கொஞ்சமா?"

விசாலாக்ஷி நிமிர்ந்து உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய், பிடரியில், காக்கிச் சட்டை போட்டிருந்தால் காலர் வருமிடத்துக்கு வெகு மேலே, ஒரு விரலை வைத்துக் காட்டினார்.